மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபணை எழுதுவது எப்படி: முதன்முறை எழுதுபவர்களுக்கு

தமிழ்நாட்டில் ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது நாம் மாஸ்டர் பிளான் என்று சொல்வது, அமலுக்கு வந்துவிட்டால் எங்கே வீடு வரலாம், எங்கே ஆலை வரலாம், எந்தத் தெரு அகலமாகும், எந்த ஏரிக்கரை காலியாகக் கிடக்கும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். அதுவும் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கும். வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த முறை கருத்து கேட்கும்போது உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

வரைவு வெளியானதும் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணையோ ஆலோசனையோ எழுதிக் கொடுக்கலாம். சொந்த நிலம் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை. ஆனாலும் வந்து குவிகிற மனுக்களில் பெரும்பாலானவை "எங்கள் பகுதியைப் பசுமையாக வைத்திருக்க வேண்டும்" என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அதைப் படிக்கிற அலுவலர் வரைபடத்தில் எந்த நிலத்தின் நிறத்தை, அதாவது பயன்பாட்டு வகையை, மாற்றுவார்? சர்வே எண், வரைவில் இப்போது இருப்பது, அதற்குப் பதில் வேண்டியது, இந்த மூன்றும் இருந்தால்தான் மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும். இவற்றை எங்கே எடுப்பது, எப்படி எழுதுவது என்று ஒரே இடத்தில் யாரும் சொல்வதில்லை. கவுன்டர் கவுன்டராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. உங்கள் இடம் யார் எல்லைக்குள் வருகிறது?

சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் வரும் உள்ளூர் திட்டக் குழுமம் அல்லது அந்த நகருக்கென்று அமைத்த வளர்ச்சிக் குழுமம். எது என்று தெரியாவிட்டால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கிராமத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

கிராமத்தில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். "நாம் ஊராட்சி, இது டவுன்காரர்கள் சமாச்சாரம்" என்று விட்டுவிடாதீர்கள். திட்டப் பகுதி நகராட்சி எல்லையோடு முடிவதில்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துத்தான் வரைகிறார்கள். பெரிய மாற்றங்கள் நடப்பதும் அந்த விளிம்பில்தான், ஏனென்றால் வயல் அங்கேதான் இருக்கிறது.

2. இரண்டு மாதம் என்பது எந்த நாளிலிருந்து?

1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வரைவு குறித்த அறிவிப்பை அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். கணக்கு தொடங்குவது அரசிதழில் வெளியான நாளிலிருந்து. நீங்கள் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்த நாளிலிருந்து அல்ல. அதனால் முதல் வேலையாக அந்த அரசிதழ் அறிவிப்பைத் தேடி எடுத்து, தேதியையும் கடைசி நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். மனுவின் முதல் வரியிலும் இந்த அறிவிப்பின் தேதியைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆவணம் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதாவது உங்கள் இரண்டு மாதத்தில் பாதி அங்கேயே போய்விடும். எனவே அந்த மனுவை முதல் வாரத்திலேயே போடுங்கள், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வரைவை எந்த அலுவலகத்தில் நேரில் பார்க்கலாம் என்று அறிவிப்பிலேயே இருக்கும். போய்ப் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் வேகமான வழி.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

வரைவுத் திட்டத்திலிருந்து நான்கு தேவை: இப்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடம், உத்தேச நிலப் பயன்பாட்டு வரைபடம், சாலை வரைபடம், கிராமவாரியாகச் சர்வே எண்களைப் பயன்பாட்டோடு சொல்லும் பட்டியல். கடைசியாகச் சொன்னதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. வண்ணப் படம் கண்ணுக்கு எளிது, அதனால் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். படத்தையும் பட்டியலையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத ஓர் எண் கிடைத்தாலும் அது உங்கள் மனுவில் மறுக்க முடியாத பத்தி.

வருவாய்த் துறை ஆவணங்களில் பட்டா, அ பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (அந்த எண்ணின் எல்லையை அளவோடு காட்டும் படம்) ஆகியவை வேண்டும். தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் பட்டாவையும் அ பதிவேட்டையும் காசில்லாமல் பார்க்கலாம். நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேடு. புறம்போக்கு, ஏரி, ஓடை, வாய்க்கால் பற்றி எழுதப்போகிறவர்களுக்கு அ பதிவேடுதான் உயிர். தரையில் குப்பைமேடாகத் தெரியும் இடம் பதிவேட்டில் இன்னும் "வாய்க்கால்" என்றே இருக்கலாம். வரைவிலோ அது குடியிருப்பு நிறத்தில் இருக்கலாம். அந்த முரணைக் காட்டும் இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் நீங்கள் பெரிதாக வாதாடவே வேண்டாம்.

எண்களில் ஒரு வலை இருக்கிறது. கிராம நத்தமும் வயலுமாக இருந்து பின்னாளில் நகரோடு சேர்ந்த பகுதிகளில் பழைய சர்வே எண் ஒன்று, நகர அளவை எண் வேறொன்று. உட்பிரிவும் பட்டா மாறுதலில் மாறியிருக்கும். இரண்டு எண்களையும் எழுதுங்கள். "112" என்று மட்டும் எழுதினால் 112/1 முதல் 112/9 வரை எதுவென்று யாருக்கும் தெரியாது.

செலவு என்று பார்த்தால், தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் (கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் சரி), நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பெரிய வரைபடத்துக்கு அதன் உண்மையான அச்சுச் செலவு. அப்புறம் ஜெராக்ஸ், ஒன்றிரண்டு கலர் பிரிண்ட், தபால். அவ்வளவுதான். "நிலத்தோட நிறத்தை மாத்தித் தர்றேன், மேல இடம் வரைக்கும் ஆள் இருக்கு" என்று யாராவது தொகை சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆட்சேபணைக் காலம் என்றால் புரோக்கர்களுக்குப் பண்டிகைக் காலம்.

4. வரைபடத்தோடு நடந்து பாருங்கள்

மழை பெய்கிற மாதமாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே நிற்கிறது, எந்தச் சிறுபாலத்தின் அடியில் போகிறது என்று ஃபோட்டோ எடுங்கள். தேதியும் இருப்பிடமும் பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். வரைவில் போட்டிருக்கும் புதுச் சாலை அந்த ஓட்டத்தைக் குறுக்கே வெட்டுகிறதா என்று பாருங்கள். பள்ளி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றுக்கு நடந்தே போய் நேரத்தைக் குறியுங்கள். ஐந்து நிமிட நடை என்பது சுமார் 400 மீட்டர், பத்து நிமிடம் என்றால் 800 மீட்டர்.

சேர்ந்து போங்கள். வயதான ஒருவரும், பள்ளிப் பிள்ளை ஒன்றும் கூட வந்தால் நல்லது. சாலையைக் கடக்க முடியாத இடம் எது என்று அவர்கள்தான் காட்டுவார்கள்.

5. எதைக் கேட்பது?

இந்தக் கட்டுரையில் எதையாவது ஊன்றிப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஊர் வளரக் கூடாது என்று எழுதுவது சுலபம், பயனில்லை. எங்கே வளர வேண்டும், எந்த வசதியோடு வளர வேண்டும் என்று எழுதுவதுதான் எடுபடும். அதற்கு உணர்ச்சியை விடக் கணக்கு உதவும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஊர் விளிம்பில் 100 ஏக்கர் வயலை வரைவு குடியிருப்பாகக் காட்டுகிறது, அங்கே 10,000 பேர் வரக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு 2014இல் வெளியிட்ட நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டி நெறிமுறைகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, நகரத்தில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்றெல்லாம் அளவுகள் இருக்கின்றன. அப்படியானால் தினம் 13.5 லட்சம் லிட்டர் தண்ணீர், இரண்டு பள்ளி, ஒரு லட்சம் சதுர மீட்டருக்குக் குறையாத திறந்தவெளி. கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய 25 ஏக்கர். இந்த நெறிமுறை கட்டாயச் சட்டம் அல்ல. ஆனால் "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், பள்ளிக்கு இடம் எங்கே" என்று எண்ணோடு கேட்கும்போது பதில் எழுதியாக வேண்டிய நிலை வருகிறது.

"அதான் மனைப்பிரிவு போடும்போது ஓ.எஸ்.ஆர். நிலம் (திறந்தவெளி ஒதுக்கீடு) கொடுப்பார்களே" என்று சிலர் சொல்வார்கள். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி இருக்கிறது. 3,000க்குள் இருந்தால் அதுவும் இல்லை. வயலைத் துண்டு துண்டாக மனை போட்டால் 100 ஏக்கரும் நிறைந்துவிடும், பிள்ளைகள் பந்து விளையாட ஓர் இடமும் மிஞ்சாது. அதனால்தான் பூங்காவும் பள்ளி நிலமும் முழுமைத் திட்டத்திலேயே சர்வே எண்ணோடு குறிக்கப்பட வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும்.

அடர்த்தியைக் கண்டு பயப்படாதீர்கள். மாடிக் கட்டடம் என்றாலே ஆட்சேபணை எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரயில் நிலையம், பஸ் நிலையம் பக்கத்தில் கூடுதல் தளப்பரப்புக்கு இடம் கொடுத்தால் விளிம்பில் இருக்கும் வயலும் ஏரியும் தப்பும். பொதுப் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சிக்கான 2017ஆம் ஆண்டு தேசியக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை இப்படி வளர்க்கச் சொல்கிறது. எனவே "விளிம்பில் இந்தச் சர்வே எண்களை விவசாயமாகவே வையுங்கள், அந்தக் குடியிருப்புத் தேவையை நிலையத்தைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியில் கலப்புக் குடியிருப்பாக ஈடுகட்டுங்கள்" என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். கலப்புக் குடியிருப்பு என்பதால் கீழே கடையும் மேலே வீடும் வரும், மளிகைக்கு வண்டியை எடுக்க வேண்டியதில்லை.

நடைபாதைக்கும் அளவு இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை, குடியிருப்புத் தெருவில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர், வணிகப் பகுதியில் 2.5 மீட்டர் என்கிறது. வரைவில் சாலை அகலம் மட்டும் இருந்து அதன் உட்பிரிப்பு இல்லையென்றால் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் அகலப்படுத்தியதெல்லாம் வண்டி நிறுத்தத்துக்கே போகும்.

நீர்நிலையைப் பற்றி எழுதும்போது ஏரியின் எல்லையோடு நின்றுவிடாதீர்கள். சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. சதுப்பின் வேலி மட்டும் காப்பாற்றப்பட்டு, தண்ணீர் வந்து சேரும் வழியெல்லாம் கட்டடமானால் அறிவிப்பால் என்ன பயன்? வரத்துக் கால்வாய், கலங்கல் (ஏரி நிரம்பினால் வழியும் இடம்), உபரி நீர் போகும் ஓடை எல்லாவற்றின் சர்வே எண்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

6. எழுதும் முறை

ஒரு பிரச்சினைக்கு ஒரு மனு. ஏரி, பூங்கா, சாலை மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் மூன்று பிரிவுகளில் எது பதில் சொல்வது என்ற குழப்பத்தில் மூன்றுமே தங்கிவிடும். தமிழில் தாராளமாக எழுதலாம். உடல் பகுதி இப்படி இருந்தால் போதும்:

"வரைவு முழுமைத் திட்டத்தின் உத்தேச நிலப் பயன்பாட்டு வரைபடத்தில், மேற்படி கிராமம் சர்வே எண் 112/3 முதன்மைக் குடியிருப்பு எனக் காட்டப்பட்டுள்ளது. அ பதிவேட்டின்படி இது ஓடைப் புறம்போக்கு (நகல் இணைப்பு 1). மழைக்காலத்தில் இதன் வழியே நீர் செல்வதை இணைப்பு 2இல் உள்ள புகைப்படங்கள் காட்டுகின்றன. எனவே இச்சர்வே எண்ணை நீர்நிலை என வகைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இது குறித்து நேரில் விளக்க வாய்ப்பளிக்கக் கோருகிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நேரில் கேட்கும் வாய்ப்பைச் சட்டம் தருவது அதைக் கேட்டு எழுதியவர்களுக்குத்தான்.

நூறு பேர் ஒரே ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டால் அது ஒரு மனுவாகத்தான் எண்ணப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஐந்து வீட்டார் தங்கள் தெருவைப் பற்றித் தங்கள் சொல்லில் எழுதினால் கனம் கூடும். ஊராட்சியானால் கிராம சபைத் தீர்மானம் இன்னும் பலம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். உங்கள் இரண்டு மாதத்துக்குள் இதில் ஒரு நாள் வருகிறதா என்று பார்த்து, தீர்மான நகலை முத்திரையோடு வாங்கி இணையுங்கள். நகரத்தில் பகுதி சபைக் கூட்டத்தில் பேசலாம், கவுன்சிலரின் கடிதமும் வாங்கலாம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக நாளைக் கடத்த வேண்டாம்.

7. கொடுக்கும் முறை

நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பதற்குத் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. முத்திரை கிடைக்காவிட்டால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் அதிலும் அனுப்புங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம், அப்போது கூட்டம் நெரியும்.

8. நேரில் கூப்பிட்டால்

சில நிமிடம்தான் கிடைக்கும். ஏ3 அளவில் ஒரு வரைபடம், அதில் உங்கள் சர்வே எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். மனுவைத் திருப்பிப் படிக்காமல் மூன்றே வாக்கியத்தில் சொல்லுங்கள். முந்தைய ஆட்சி, இந்த ஆட்சி என்று பேச்சு போனால் நேரம் போய்விடும். என்ன குறிப்பு எழுதிக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் சொந்த நிலத்தின் மேலேயே சாலையோ பூங்காவோ வரைந்திருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவைத் தெரிந்துகொண்டு போங்கள். வரைவு குறித்த அறிவிப்பு அரசிதழில் வந்து மூன்று ஆண்டுக்குள் அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பை வெளியிடாமலோ, உடன்பாட்டில் வாங்காமலோ இருந்தால் ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கொள்ளப்படும். ஊரின் பக்கமிருந்து பார்த்தால் இதே பிரிவு ஓர் எச்சரிக்கையும்கூட: படத்தில் பச்சையாக இருப்பதால் பூங்கா வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதனால் பூங்காவுக்குக் கூடுமானவரை அரசு நிலத்தையே காட்டிக் கேளுங்கள்.

9. அதற்கப்புறம்

அரசு ஒப்புதல் கொடுத்து இறுதித் திட்டம் அரசிதழில் வர நீண்ட காலம் ஆகலாம், ஆண்டுக்கணக்கில்கூட இழுக்கும். இடையில் உங்கள் மனு என்ன ஆயிற்று, அதன் மேல் எழுதிய குறிப்பு என்ன என்று தகவல் உரிமையில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. இறுதித் திட்டம் வந்ததும் உங்கள் சர்வே எண்ணை மறுபடியும் படத்திலும் பட்டியலிலும் சரிபாருங்கள்.

திட்டம் அமலான பிறகும் அது அப்படியே நிற்காது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் தனித்தனி நிலங்களுக்கு வகைப்பாட்டை மாற்றக் கேட்டு விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு, குடியிருப்பிலிருந்து தொழிலுக்கு என்று. செய்தித்தாளின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்புகளில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் இருக்கும், ஆட்சேபிக்கக் கடைசி நாளும் இருக்கும். நீங்கள் தயாரித்த வரைபடம், பதிவேட்டு நகல், ஃபோட்டோக்கள் எல்லாம் அப்போதும் அப்படியே பயன்படும். எனவே கோப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தெருவில் இரண்டு மூன்று பேர் வாரம் மாற்றி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதாகப் பேசி வைத்துக்கொண்டால் ஒருவர் தலையில் மட்டும் விழாது.